மனநோய்க்குச் சான்றிதழ் வாங்கப் போகிறீர்களா? டாக்டரிடம் “பரவாயில்லை” என்று சொல்லாதீர்கள்

மனச்சிதைவு, பைபோலார் (இருமுனை மனநோய்) போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் இயலாமை 40 சதவீதம் வராவிட்டால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது.

அந்தச் சதவீதத்தை ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துப் போடுகிறார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் கூடக்கூட மதிப்பெண் கூடும். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 20-இல் 7 வந்தால் 40 சதவீதம். 6 என்றால் இல்லை.

அந்த ஒரு மதிப்பெண்ணைப் பல குடும்பங்கள் தாங்களாகவே இழக்கின்றன. டாக்டர் “குளிக்கிறாரா?” என்று கேட்பார். “குளிப்பான் சார்” என்பார் அம்மா. நாலு தடவை சொல்லி, வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து, சட்டையை எடுத்துக் கொடுத்தால்தான் குளிக்கிறான் என்பதை அவர் சொல்வதில்லை. பத்துப் பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் யாரும் சொல்லாமல், யாரும் உதவாமல் அவரால் முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. கூட்டிச் சொல்ல வேண்டாம். நடப்பதை அப்படியே சொல்லுங்கள். தினமும் கூட இருப்பவரே போங்கள்; ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை அனுப்பாதீர்கள்.

வேலை என்றால் சம்பள வேலை மட்டும் இல்லை. வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு வீட்டு வேலையையும், மாணவருக்குப் படிப்பையும் பார்க்க வேண்டும். “வீட்டுலதானே இருக்காங்க” என்று டாக்டர் தாண்டிப் போனால் கேளுங்கள்.

பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அவை இல்லாவிட்டால் பதினைந்து வருட நோய் காகிதத்தில் இரண்டு வருடமாகிவிடும்.

விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர்கள் சிலர் ‘மனநோய்’ என்பதற்குப் பதில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று டிக் செய்துவிடுகிறார்கள். பிறகு ஐ.க்யூ. டெஸ்ட்டுக்கு அனுப்பி அலையவிடுவார்கள். இரண்டும் வேறு. அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். சான்றிதழ் முகாமுக்குப் போவதென்றால் அன்று மனநல மருத்துவர் வருகிறாரா என்று முதல் நாளே விசாரியுங்கள். வெளியே கிளம்பவே பயப்படுகிற ஒருவரை வெயிலில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், “டாக்டர் வரலை, அடுத்த மாசம் வாங்க” என்ற பதிலோடு திரும்புவது கொடுமை.

“நல்லாத்தானே நடக்குறாரு, பேசுறாரு” என்று கவுண்டரில் இருப்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அதை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுத்தாக வேண்டும். அந்தக் காகிதம் கையில் இருந்தால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

கிடைத்துவிட்டால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருகிறார்கள். தேதி முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பிக்கக் கொடுங்கள்; உதவித்தொகை ஒருமுறை நின்றால் திரும்ப வரவைப்பது பெரும்பாடு.