இன்சுலின் தொடாமலே திறக்கும் வாசல்

தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வரும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. “காலை 5 மணிக்கு எழுந்தால் சமையல், மூன்று டிபன் பாக்ஸ், 7.50 ரயில். வீடு திரும்ப இரவு 7.30. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்திருக்கிறது. டாக்டர் தினமும் 45 நிமிடம் வாக்கிங் போகச் சொல்கிறார். அந்த 45 நிமிடத்தை நான் எங்கிருந்து எடுப்பது? ஆபீஸிலேயே அஞ்சு அஞ்சு நிமிஷமாக நடந்தால் கணக்கில் வருமா? இல்லை, சனி ஞாயிறு மட்டும் நன்றாக நடந்தால் போதுமா?”

அஞ்சு நிமிஷம் கணக்கில் வரும். ஏன் வரும் என்பதற்கான காரணம் தொடைத் தசைக்குள் இருக்கிறது. உடலியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அதைச் சொல்லிவிட்டுச் சனி ஞாயிறுக்கு வருகிறேன்.

பள்ளியில் படித்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். சோறோ சப்பாத்தியோ, மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. கணையம் இன்சுலின் சுரக்கிறது. செல்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. சரி, இப்போது ஒரு சின்னக் கணக்கு. நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றால், மொத்த ரத்தத்திலும் இருப்பது நாலரை கிராம்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அவ்வளவே. மதியம் டிபன் பாக்ஸில் இருக்கும் சாதத்தில் 80 கிராம் மாவுச்சத்து சாதாரணமாக வந்துவிடும். ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட பதினெட்டு டீஸ்பூன் வந்து இறங்குகிறது. வர வர யாராவது அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இன்சுலினின் சொல் கேட்டு அப்படி அள்ளுவதில் பெரிய பங்கு எலும்புத் தசைகளுடையது.

ஆனால் குளுக்கோஸ் தானாகத் தசைச் செல்லுக்குள் போக முடியாது. செல்லின் சுவர் கொழுப்பாலான சவ்வு, குளுக்கோஸோ தண்ணீரில் கரையும் பொருள். அது உள்ளே போகப் புரதத்தாலான வாசல் வேண்டும். தசையில் இருக்கும் முக்கியமான வாசலுக்கு குளூட்-4 என்று பெயர். 1989-ல் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த வாசல்களில் பெரும்பாலானவை சுவரில் இருப்பதே இல்லை. கட்டி முடியாத வீட்டில் நிலைகளை ஓர் ஓரமாகச் சாத்தி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி செல்லுக்குள் நுண்ணிய குமிழிகளில் பதிந்து காத்திருக்கின்றன. செய்தி வந்ததும் குமிழி நகர்ந்துபோய்ச் சுவரை ஒட்டி, சுவரோடு சுவராகக் கலந்துவிடும். அதில் பதிந்திருந்த வாசல் அப்போது வெளியே பார்த்தபடி நிற்கும். வேலை முடிந்ததும் சுவரின் அந்தத் துண்டு உள்ளே கிள்ளி எடுக்கப்பட்டு மறுபடியும் குமிழியாகிவிடும்.

குமிழிகளை நகரவிடாமல் பிடித்துவைத்திருக்கும் காவல் புரதங்கள் உண்டு. இன்சுலின் செல்லின் வெளியில் வந்து ஒட்டியதும் உள்ளே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போவது போலச் செய்தி போய், கடைசியில் இந்தக் காவல் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. உடனே பிடி தளர்கிறது, குமிழி கிளம்புகிறது. இந்த வழி ஏதோ ஓரிடத்தில் மந்தமாகிவிடுவதைத்தான் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்கிறோம். கணையம் சத்தமாகக் கூப்பிட்டாலும் செய்தி கடைசி ஆள் வரை போய்ச் சேர்வதில்லை.

ஆனால் அதே காவல் புரதங்களிடம் போய்ச் சேர இன்னொரு வழியும் இருக்கிறது. அது தசை சுருங்கும்போது மட்டும் திறக்கும்.

நீங்கள் படியில் ஒரு காலை எடுத்து வைக்கிறீர்கள். தசை சுருங்க ஏடிபி என்ற மூலக்கூறு செலவாகிறது. இதில் மூன்று பாஸ்பேட்கள் வால் போலத் தொங்கும். ஒன்றை உடைத்தால் ஆற்றல் கிடைக்கும், இரண்டு பாஸ்பேட் மிச்சம். ஒரு நாளில் நம் உடம்பு உடைத்து உடைத்து மறுபடி ஒட்டும் ஏடிபியின் மொத்த எடை ஏறக்குறைய நம் உடல் எடைக்கே வரும். இவ்வளவு புழங்கும் பொருளைத் தசை தீர்ந்துபோக விடுவதில்லை. வேகமாகப் படியேறும்போதும் அதன் அளவு கொஞ்சமே குறையும். அப்படியென்றால், செலவு கூடிவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு பாஸ்பேட் மூலக்கூறுகள் சேரும்போது, தசையில் உள்ள ஒரு நொதி அவற்றில் இரண்டை எடுத்து, ஒன்றின் வாலைப் பிடுங்கி மற்றதில் ஒட்டிவிடுகிறது. ஒரு முழு ஏடிபி கிடைத்துவிடும். அடிமட்டம் வரை சுரண்டிப் பயன்படுத்தும் சிக்கனம் இது. பிடுங்கப்பட்டது ஒற்றைப் பாஸ்பேட்டோடு நிற்கும். ஓய்வில் இந்த ஒற்றைப் பாஸ்பேட் மூலக்கூறு மிக மிகக் குறைவு. இரண்டும் இரண்டும் சேர்ந்தால்தான் அது உண்டாகும் என்பதால் அதன் அளவு இருமடி விகிதத்தில் ஏறுகிறது. இரண்டு பாஸ்பேட் மூலக்கூறு இரண்டு மடங்கானால் ஒற்றை கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கஜானாவில் குறைந்ததோ கண்ணுக்கே தெரியாத அளவு, ஆனால் எச்சரிக்கை மணி பல மடங்கு சத்தமாக அடிக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மணியைக் கேட்கும் காது ஏஎம்பிகே என்ற நொதி. ஒற்றைப் பாஸ்பேட் வந்து ஒட்டியதும் அது விழித்துக்கொண்டு, இன்சுலின் வழி கடைசியில் செய்த அதே வேலையைச் செய்கிறது: காவல் புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. இது தனியாகவும் இல்லை. சுருங்கும்போது செல்லுக்குள் பாயும் கால்சியமும், தசை இழுபடும் விசையும் கூடவே செய்தி அனுப்புகின்றன. ஒரு வழி அடைந்தாலும் இன்னொன்று வேலை செய்யட்டும் என்று பரிணாமம் பலமாகவே ஏற்பாடு செய்திருக்கிறது.

டைப்-2 சர்க்கரை நோய் உள்ளவர்களின் தசையிலும் இந்த இரண்டாவது வழி நன்றாக வேலை செய்கிறது. இன்சுலினின் குரலுக்குத் திரும்பிப் பார்க்காத தசை, நடக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் வாசல்களைச் சுவருக்கு அனுப்பிவிடுகிறது. வியர்க்க வேண்டும், தனி உடை வேண்டும், 45 நிமிடம் ஆக வேண்டும் என்று அந்தக் குமிழிகள் காத்திருப்பதில்லை.

அப்பாவின் குளுக்கோமீட்டரை வைத்து நானே ஒருமுறை பார்த்தேன். இரண்டு நாளும் ஒரே அளவு சாதம், அதே சாம்பார், அதே கோஸ் பொரியல். முதல் நாள் சாப்பிட்டு உட்கார்ந்தபடி வேலை. ஒரு மணி நேரம் கழித்து 161. மறுநாள் கை கழுவிய உடனே 15 நிமிடம் தெருவில் நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்து 128. ஓர் ஆளின் இரண்டு நாள் அளவு ஆய்வாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்ட களைப்பில் கண் சொருகும் நேரத்தில் தொடைக்குள் வாசல்கள் திறந்ததை அந்தச் சின்னத் திரையில் பார்த்தது போலிருந்தது.

முறையான ஆய்வுகளும் இதே பக்கம்தான் காட்டுகின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிவந்த ஆய்வில், டைப்-2 சர்க்கரை நோய் உள்ள 41 பேரை இரண்டு விதமாக நடக்கச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில் நாளில் எப்போதாவது 30 நிமிடம், இன்னொரு கட்டத்தில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம். நடந்த நேரம் ஒன்றுதான். பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். மெல்போர்னில் 2012-ல் நடந்த சிறிய ஆய்வில், உட்கார்ந்தே இருந்தவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். அதற்கே சுமார் 24 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020-ல் எடுத்துவிட்டது. நிமிடக் கணக்கில் சேர்த்து வாரத்துக்கு 150 ஆக்கினாலும் சரிதான்.

வேலையே உடற்பயிற்சியாக இருந்த ஒரு காலத்தின் ஆய்வும் உண்டு. 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் வந்தபோது, அவர் சீருடைப் பதிவேடுகளை எடுத்து இடுப்பளவுகளை ஆராய்ந்தார். அந்தச் சந்தேகத்திலும் விஷயம் இருந்தது. தன் முடிவையே இப்படிக் குடைந்து பார்த்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இங்கே ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பூங்காக்களில் தரையில் எட்டு வரைந்து, வடக்கு தெற்காக நடந்தால்தான் பலன் என்கிறார்கள். நடப்பவர்களை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன், நன்றாக நடக்கட்டும். ஆனால் குளூட்-4 குமிழிக்குத் திசை தெரியாது. எட்டுப் போட இடமில்லை, விடியற்காலை முடியவில்லை என்று ஒருவர் நடக்காமலே இருந்துவிட்டால், அந்த நம்பிக்கை அவருக்குக் கெடுதல் செய்துவிட்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் சொன்னது. மாத்திரை ஆய்வுக்குக் கம்பெனிகள் பணம் போடும். மாடிப்படிக்குக் காப்புரிமை கிடையாது. சாதம் சாப்பிட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பும் நம் பெண்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடக்க வேண்டுமென்றால் அரசுதான் பணம் கொடுக்க வேண்டும்.

இப்போது சனி ஞாயிறு கேள்வி. பிரிட்டனில் கையில் கருவி கட்டி 89,573 பேரின் அசைவைப் பதிவுசெய்த ஆய்வு 2023-ல் வந்தது. வாரத்துக்கான பயிற்சியின் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு நாளில் முடித்தவர்களுக்கும், பிரித்துச் செய்தவர்களுக்கும் இதய நோய் ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவில் குறைவாக இருந்தது. ஆகவே வார இறுதி நடை வீண் போகாது. ஆனால் சர்க்கரையைப் பொறுத்தவரை ஒரு விஷயம் உண்டு. ஒருமுறை நன்றாக உழைத்த தசை அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் இன்சுலினின் குரலை நன்றாகக் கேட்கும். அந்தக் கூர்மை செவ்வாய்க்கிழமை வாக்கில் போய்விடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நீங்கள் கேட்ட அஞ்சு நிமிஷங்கள்தான் கைகொடுக்கும்.

அதனால் சகோதரி, சனி ஞாயிறு நீண்ட நடையும், முடிந்தால் தசைக்கு வலு சேர்க்க நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் 10 நிமிடம். படி இருந்தால் படி, ஏனென்றால் தொடைத் தசைகள் உடம்பின் பெரிய தசைகளில் சேர்ந்தவை. நீங்கள் மருந்து எதுவும் எடுக்கவில்லை என்றால் பயமில்லை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், அளவு தாழ்ந்துவிடாமலிருக்க டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மூன்று வேளையில் அதிகப் பலன் தெரிந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அந்த நேரம் உங்களுக்குச் சமையலறையில் போகிறது என்று கடிதத்திலிருந்தே புரிகிறது. இன்றைக்குப் பாத்திரத்தை வீட்டில் வேறு யாராவது கழுவட்டும். நீங்கள் மொட்டை மாடிக்குப் போங்கள்.