உருளும் கோலிக்குண்டு ஏன் நிற்கிறது?

தரையில் உருட்டிவிட்ட கோலிக்குண்டு கொஞ்ச தூரம் போய் ஏன் நிற்கிறது? நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "மிஸ், அதுல இருந்த விசை தீர்ந்துபோச்சு." தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடாதீர்கள். இந்த எண்ணத்தை இப்போதே சரிசெய்யாவிட்டால், பத்தாம் வகுப்பில் நியூட்டன் விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும்போதும் அது உள்ளுக்குள் அப்படியே இருக்கும்.

வண்டியில் பெட்ரோல் தீர்வது போலக் கோலிக்குள் விசை தீர்ந்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கிறது. அப்படித் தோன்றுவது இயல்புதான். ஒரு பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஏதாவது அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டிலும் நினைத்தார். கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்து அதை மறுத்தார். தடுக்க எதுவும் இல்லையென்றால் ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதை 1687-இல் நியூட்டன் முதல் விதியாக எழுதினார்.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு நோட்டு, ஒரு டஸ்டர், ஒரு கோலி போதும். நோட்டின் ஒரு முனைக்குக் கீழே டஸ்டரை வைத்தால் சரிவு தயார். உச்சியிலிருந்து கோலியைத் தள்ளாமல் விடச் சொல்லுங்கள். விரித்த துண்டின் மேல் ஒருமுறை, சிமென்ட் தரையில் ஒருமுறை, டைல்ஸ் இருந்தால் அதிலும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன்பே, எங்கே போய் நிற்கும் என்று சாக்பீஸால் கோடு போட வைக்க வேண்டும். இதைத் தவிர்த்துவிடாதீர்கள். கோடு போட்ட பிள்ளைதான் கண்கொட்டாமல் பார்க்கும்.

அப்புறம் கேளுங்கள்: "அதே கோலி, அதே உயரம். துண்டில் மட்டும் ஏன் சீக்கிரம் தீர்ந்தது?" கொஞ்சம் காத்திருந்தால், "துண்டு அதைப் பிடிச்சு நிறுத்துது" என்று ஒரு குரல் வரும். உராய்வு என்ற சொல்லை அப்போது கொடுங்கள். கேரம்போர்டில் பவுடர் ஏன் போடுகிறோம் என்பதற்கு அவர்களே விளக்கம் சொல்வார்கள்.

விசை கோலிக்குள் இருக்கும் பொருள் அல்ல. துண்டுக்கும் கோலிக்கும் இடையே நடக்கும் தள்ளலும் இழுப்பும்தான் அது. கோலி தன்னோடு கொண்டுபோனது இயக்க ஆற்றல். அதுவும் காணாமல் போகவில்லை, வெப்பமாகவும் கொஞ்சம் சத்தமாகவும் மாறிவிட்டது. அந்த வெப்பம் கோலியில் தெரியாத அளவுக்குச் சிறியது. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துக் கன்னத்தில் வைத்தால் உடனே புரியும். 'வேலை செய்யும் திறன் ஆற்றல் எனப்படும்' என்று எழுதிப்போடுவதைவிட இது நன்றாக மனதில் நிற்கும். மூன்று விதிகளையும் இந்த வயதில் திணிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நிறுத்துவதற்கும் விசை வேண்டும் என்பது பிடிபட்டால் இப்போதைக்குப் போதும்.

ஏனென்றால் இது சாலையில் உயிர் காக்கும் அறிவு. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தைப் போல நான்கு மடங்கு தூரம், 60-இல் வரும் அதே வண்டிக்குத் தேவைப்படும். கையைக் காட்டினால் லாரி நின்றுவிடும் என்று நம்பிக் குறுக்கே ஓடும் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பேருந்து பிரேக் போடும்போது, "யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி இருந்துச்சு" என்பார்கள். யாரும் தள்ளவில்லை. பேருந்து நிற்கப் பார்த்தது, உடம்பு அதே வேகத்தில் போகப் பார்த்தது, அவ்வளவுதான். படிக்கட்டில் தொங்குவது ஏன் ஆபத்து என்பதை இங்கிருந்தே பேசலாம்.

பெற்றோருக்கும் ஒரு கணக்கு உண்டு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதுகிறது. மடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தை. அரை மீட்டர் தூரத்துக்குள் அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் விசை கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயாலும் தகப்பனாலும் அது முடியாது. மடியில் வைத்துக்கொள்ளாமல், பின் சீட்டில் குழந்தைகளுக்கான இருக்கையைப் பொருத்தி அதில் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள்.