ரெட்: சிவப்பு இல்லை, ஊறப்போடுவது

ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் மூன்றெழுத்து வினைச்சொல் ஒன்று உண்டு: ரெட். தமிழில் எழுதினால் சிவப்பு நிறம் மாதிரியே தெரியும், ஆனால் இரண்டும் வேறு. நிறத்தின் கடைசி எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் 4ஆவதாக வரும் டி. இந்தச் சொல்லின் கடைசி எழுத்து 20ஆவதாக வரும் டீ.

ஆளி, சணல் போன்ற நார்ப்பயிர்களின் தண்டை ஈரத்தில் நாள்கணக்காகப் போட்டுவைத்து, நார் தானாகக் கழன்று வரும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் ரெட். தேங்காய் மட்டையைக் கயிற்று நாருக்காக மாதக்கணக்கில் நீரில் போட்டுவைப்பதும் இதே வேலைதான். இறந்தகாலத்தில் ரெட்டட், தொழிற்பெயராக ரெட்டிங்.

அகராதிகள் ‘ஊறவை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அது பாதி உண்மைதான், ஏனென்றால் இங்கே வேலை செய்வது தண்ணீர் மட்டும் இல்லை. ஆளித்தண்டை உடைத்துப் பார்த்தால் நடுவில் சக்கை, அதைச் சுற்றி நார்க்கற்றைகள், வெளியே தோல் என்று இருக்கும். நாரையும் சக்கையையும் ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. தண்டு நீரில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து அந்தப் பசையைத் தின்றுவிடுகின்றன. சில இடங்களில் குளத்துக்குப் பதிலாக வயலிலேயே தண்டைப் பரப்பிவிடுவார்கள். பனி ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து அதே வேலையைச் செய்யும். அப்படிக் கிடைக்கும் நார் சாம்பல் நிறமாக இருக்கும். நீரில் ஊறியதோ வெளிர்மஞ்சளாக வரும்.

எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் எடுத்தால் நார் சக்கையை விட்டு வராது. தாமதித்தால் பசை தீர்ந்த பிறகு நாரையே கிருமிகள் அரிக்கத் தொடங்கும், இழுத்தால் அறுந்துபோகும். அதனால் இடையிடையே ஒரு தண்டை எடுத்து ஒடித்து, நார் முழு நீளத்துக்கும் உரிந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். நாற்றமும் சாமானியமானது இல்லை. பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் வட்டாரத்தில் ஓடும் லெய் ஆறு ஒரு காலத்தில் ஆளி ஊறப்போடுவதற்குப் பேர்போனது, ‘பொன் ஆறு’ என்றே அதற்குப் பட்டப்பெயர். பெயர் வைத்தவர்கள் வருமானத்தை நினைத்திருப்பார்கள், வாசனையை நினைத்திருக்க மாட்டார்கள்.

சொல்லின் பிறப்பும் இந்த நாற்றத்தோடு ஒட்டியதுதான். ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய சொல் இது. டச்சு மொழியில் இதே வேலைக்கு ரோட்டன் என்கிறார்கள், அழுகுவதற்கான சொல்லும் அதற்கு நெருங்கிய உறவுதான். அழுகுதலைக் குறிக்கும் ஆங்கில ‘ராட்’ இந்தக் குடும்பத்து உறவுக்காரன். ஆக, வேரிலேயே அழுகல் இருக்கிறது.

சரி, நார்த் தொழிலில் மட்டும் புழங்கும் இந்தச் சொல் குறுக்கெழுத்தில் எப்படிக் குடியேறியது? அமெரிக்கப் பாணிக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக ஒரு சொல்லிலும் சேர வேண்டும். மூன்றெழுத்துக்குக் குறைந்த சொல்லுக்கு அனுமதி இல்லை. பெரிய சொற்களைக் கோத்து முடித்ததும் மிஞ்சும் சந்துபொந்துகளை அடைக்க, ஆர், இ, டீ மாதிரி எங்கும் பொருந்தும் எழுத்துகளாலான குட்டிச் சொற்கள் தேவைப்படுகின்றன. பேச்சில் காணாமல் போன சொற்களுக்கு அங்கே மறுவாழ்வு கிடைத்துவிடுகிறது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரிலேயே ‘கோமுட்டிப் பனையின் நார்’ என்றொரு குறிப்பு இருந்தது. விடை ‘டோ’, அதுவும் மூன்றெழுத்துதான். நாருக்கும் குறுக்கெழுத்துக்கும் அன்றே உறவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பு பெரும்பாலும் ‘ஊறவை, ஆளியைப் போல’ என்ற அமைப்பில் வரும். ‘ஊறவை’ என்று மட்டும் இருந்தால் சாப், வெட், டிப் என மூன்றெழுத்து விடைகள் வரிசையில் நிற்கும். ‘ஊறவை’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘சோக்’. அதற்குக் குடிகாரன் என்ற பொருளும் இருப்பதால், குடிகாரனைக் குறிக்கும் சாட் கூட வரலாம். நடுவில் இ, கடைசியில் டீ என்று தெரிந்துவிட்டாலும் வெட்டா ரெட்டா என்ற இழுபறி தீராது. ஆளியோ சணலோ குறிப்பில் தலைகாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஆர் போடலாம்.

பிரிட்டிஷ் பாணிப் பூடகப் புதிர்களில் இது வேறு சொல்லின் வாலாக ஒளிந்துகொள்ளும். நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்: ‘உதாரணமாக, ஆளியை ஊறவைக்கும் பறவை (5)’. ‘உதாரணமாக’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இ, ஜி. அதோடு ரெட்டைச் சேர்த்தால் ஈக்ரெட், அதாவது கொக்கு. ‘சீக்ரெட்’, ‘ரிக்ரெட்’ இரண்டின் வாலிலும் இதே மூன்றெழுத்து இருப்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘நனைத்தல்’ பொருந்தாது, அது நொடியில் முடிகிற காரியம். ‘பதப்படுத்தல்’ என்றால் தோல் பதனிடுவது வரை எல்லாம் நினைவுக்கு வரும். ‘மக்கவைத்தல்’ என்றால் உரக்குழிக்குப் போய்விடும். ‘அழுகவைத்தல்’ வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான், ஆனால் கெட்டுப்போன சாயல் தூக்கலாக இருக்கிறது. என் தேர்வு ‘ஊறப்போடு’. ஊறுதல் என்றாலே நேரமும் மாற்றமும் தமிழில் அடங்கிவிடுகின்றன. ஊறுகாய் வெறுமனே நனைந்த காய் இல்லையே! எதை, எதற்கு என்று தெளிவாக்க வேண்டிய இடத்தில் ‘நாருக்காக ஊறப்போடுதல்’ என்று விரித்துக்கொள்ளலாம். கட்டுரையில் கலைச்சொல்லாகத் தேவைப்பட்டால் ‘நார் ஊறல்’ போதும்: ‘பனியில் நார் ஊறலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும்.’

கடைசியாக, ரெட்டோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு மூன்றெழுத்து வினை டெட். அறுத்த புல்லை உதறிப் பரப்பிக் காயப்போடுவது அதன் பொருள். பழைய நார்ஸ் மொழியில் எரு பரப்புவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நடு எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. குறிப்பில் புல் இருந்தால் டெட், நார்ப்பயிர் இருந்தால் ரெட்.