கதவுக் கார்டு எப்படி பேசுது, ஏன் யார் கேட்டாலும் சொல்லிடுது

எங்க அபார்ட்மெண்ட்டுக்குப் புதுசா குடிவந்தவர் ஒருத்தர் கேட்டாரு. அசோசியேஷன்ல இன்னொரு கார்டு கேட்டா ரெண்டு வாரம் ஆகும்னாங்களாம், சாவி போடுற கடைக்குப் போனா ரெண்டே நிமிஷத்துல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டாங்களாம், அதுவும் கேட்டைத் திறக்குது, அப்போ இந்தக் கார்டுல என்னதான் பாதுகாப்பு இருக்குன்னு. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைல ஓடுற பழைய கார்டா இருந்தா, ஒண்ணுமே இல்லைங்கறதுதான் பதில்.

கார்டுக்குள்ள பேட்டரி கிடையாது. மெல்லிசான கார்டு ஒண்ணை மொபைல் டார்ச் மேல வச்சுப் பாருங்க, சுத்து சுத்தா ஒரு கம்பிச்சுருளும் அதோட முனையில கடுகளவு சிப்பும் நிழலாத் தெரியும். கேட்டுல கார்டைக் காட்டுற பெட்டிதான் ரீடர், அதுலயும் ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில், இருக்கு, அதோட காந்தப்புலம் மாறிக்கிட்டே இருக்கறதால கார்டு காயில்ல கரண்ட் வருது, பள்ளிக்கூடத்துல படிச்ச டிரான்ஸ்ஃபார்மர்தான். சரி, சிப்பு முழிச்சுக்கிச்சு, இப்போ எப்படிப் பதில் சொல்லும்? கார்டும் ஒரு சிக்னல் அனுப்பும்னுதான் ரொம்ப நாளா நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஊஞ்சல்ல ஒரு குழந்தைய உக்கார வச்சு, கண்ணை மூடிக்கிட்டு ஆட்டிவிடுங்க. குழந்தை வாயே திறக்கல, ஆனா நடுநடுவுல காலைத் தரையில தேய்க்குது. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் உங்க கைக்குக் கனம் தெரியும்ல? கார்டு பண்றது அச்சு அசலா இதேதான். சிப்புக்குள்ள சுவிட்ச் மாதிரி இருக்குற ஒரு டிரான்சிஸ்டர் தன்னோட காயில் மேலயே சுமையை ஏத்தும், இறக்கும். ஏத்துறப்போ ரீடர் காயில்ல வோல்டேஜ் துளியூண்டு இறங்கும். அந்த ஏத்த இறக்கத்தைத்தான் ரீடர் 0, 1-னு படிக்குது. கார்டுக்குன்னு ஒரு கடிகாரம்கூட கிடையாது, ரீடரோட அலைகளையே எண்ணிக்கும். ஈ.எம். 4100-ங்கற 125 கிலோஹெர்ட்ஸ் வகைக் கார்டுல பெரும்பாலும் 64 அலைக்கு ஒரு பிட், மொத்தம் 64 பிட், அப்படின்னா முழு எண்ணையும் சொல்லி முடிக்க 33 மில்லிசெகண்டுதான் ஆகும். முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து, செகண்டுக்கு 30 தடவை. வோல்டேஜ் ஏறி இறங்குறதைத் திரையில வரைஞ்சு காட்டுற ஆசிலாஸ்கோப்புல அந்தச் சின்னச் சின்ன பள்ளங்களை முதல்முறையா பார்த்த அன்னைக்கு எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல.

ஆனா கோளாறும் இங்கயேதான் இருக்கு. கரண்ட் குடுக்கறது யாருன்னு கார்டு கேக்கறதில்ல, யார் குடுத்தாலும் அதே எண்ணைத்தான் ஒப்பிக்கும். அதைக் கேட்டு, திரும்ப எழுதக்கூடிய வெத்துக் கார்டுல எழுதிட்டா வேலை முடிஞ்சுது, கடைக்காரர் பண்ணது அவ்ளோதான். இன்னும் மோசம், நிறைய கார்டுல சிப்பு சொல்ற எண்ணோட முக்கியமான பகுதி மேலேயே அச்சடிச்சிருக்கும். உதாரணத்துக்கு 0000655361-னு ஒண்ணு, பக்கத்துலயே 010,00001-னு இன்னொண்ணு. 10-ஐ 65,536-ஆல பெருக்கி 1-ஐக் கூட்டிப் பாருங்க, ரெண்டும் ஒரே எண்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கார்டைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ போடுற பிள்ளைங்களை நினைச்சா எனக்குப் பதறுது.

இதுக்கு மருந்து, கேள்வி-பதில் முறை. ரீடர் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு எண்ணைக் குடுக்கும், கார்டு தன்னோட ரகசியச் சாவியை வச்சு அதுக்கு விடை போட்டுத் தரணும், சாவி மட்டும் வெளிய வரவே வராது. 13.56 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற மைஃபேர் கிளாசிக்ங்கற கார்டு 1994-ல அப்படித்தான் வந்துச்சு, ஆனா 48 பிட் சாவி, விடை போடுற முறை, அதாவது அல்காரிதமும், கம்பெனி ரகசியம். 2007 டிசம்பர்ல கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் சிப்பை அடுக்கடுக்கா சீவி மைக்ராஸ்கோப்புல படம் எடுத்து, உள்ள இருக்குற சர்க்யூட்டைக் கண்டுபிடிச்சதை பெர்லின்ல சொன்னாங்க. இந்தக் கேள்வி-பதில்ல கார்டும் தன் பங்குக்கு யாரும் ஊகிக்க முடியாத ஒரு ரேண்டம் எண் போடணும், ஆனா அது வெறும் 16 பிட்ல இருந்து வருது, கரண்ட் வந்து எவ்ளோ நேரம் கழிச்சுக் கேட்டோம்ங்கறதை வச்சே அது முடிவாகுதுன்னும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் நெதர்லாந்துல ராட்பவுட் பல்கலைக்கழகத்துக்காரங்க முழு அல்காரிதத்தையும் வெளியிடப் போனப்போ, தயாரிப்பாளர் என்.எக்ஸ்.பி. தடை கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. 2008 ஜூலைல ஆர்னெம் கோர்ட் தடை குடுக்க மாட்டேன்னுடுச்சு. ரொம்பச் சரியான தீர்ப்புன்னுதான் நான் சொல்லுவேன். மறைச்சு வச்சிருந்தா திருடனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும், கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நடக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நம்ம காலேஜுங்க கேட்டுக்கெல்லாம் கார்டு ரீடர் வாங்கி மாட்டுறாங்க, அதைப் பிரிச்சுப் பார்க்க பசங்களுக்கு ஒரு லேப் போட்டுக் குடுக்கக் காசில்லைங்கறாங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு.

உங்க கார்டு எந்த ரகம்னு தெரியணும்னா, கிட்ட வச்சா கார்டைப் படிக்கிற என்.எஃப்.சி. வசதி இருக்குற போன்ல அதை ஆன் பண்ணி முதுகுப் பக்கம் கார்டை வைங்க. போன் பேசுறது 13.56-ல மட்டும்தான், 125-ஐ அதால கேக்கவே முடியாது. நல்ல ரகமா இருந்தா கார்டு தகவல் காட்டுற ஆப்ல ஏ.இ.எஸ்.ங்கற பலமான பூட்டு முறை உள்ள டெஸ்ஃபயர் மாதிரி கார்டோட பேரு வரும், மைஃபேர் கிளாசிக்னு வந்தா மாத்தச் சொல்லிக் கேளுங்க. கேள்வி கேட்டவரோட கார்டை என் போன் மேல வச்சு முன்னும் பின்னுமா நகர்த்திப் பார்த்தோம், போன் சத்தமே காட்டல.