பட்டப்பகலில் பைக் ஹெட்லைட் ஏன் எரிகிறது?

புது பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. உச்சி வெயிலில் போய்க்கொண்டிருப்போம். எதிரே வருகிறவர் கையைத் தூக்கி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டுவார். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் பெரியவர், "தம்பி, லைட் எரியுது பாரு" என்பார். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த லைட் மறதியால் எரியவில்லை, விதிப்படி எரிகிறது.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இரு சக்கர வாகனங்களில், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஷோரூமில் ஏ.எச்.ஓ. (ஆட்டோமேட்டிக் ஹெட்லேம்ப் ஆன்) என்று சொல்வது இதைத்தான். அதனால்தான் புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே இருக்காது. டிம், பிரைட் மாற்றுவதற்கு மட்டும் ஒன்று இருக்கும். பகலில் டிம்மிலேயே விடுங்கள், அதுவே போதும்.

உங்கள் வண்டி இந்த விதிக்குள் வருகிறதா என்று தெரிய ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பதிவு செய்த தேதி கணக்கில்லை. அந்தத் தேதிக்கு முன் தயாரான வண்டிக்குக் கட்டாயம் இல்லை, புதிதாக எதையும் மாட்டவும் வேண்டாம். ஆனாலும் நெடுஞ்சாலையில் ஏறும்போது நீங்களே டிம் லைட்டைப் போட்டுக்கொள்வது நல்லது. என் பழைய வண்டியில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

சரி, சூரியனே இருக்கும்போது இந்தச் சின்ன விளக்கு எதற்கு? நமக்கு ரோடு தெரிவதற்காக அல்ல, நாம் மற்றவர் கண்ணில் படுவதற்காக. முன்னாலிருந்து பார்த்தால் பைக் ஒரு மெல்லிய கோடு. மர நிழலிலும் பின்னால் வரும் பஸ்ஸின் நிறத்திலும் கரைந்துபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு. எதிரே வரும் ஒன்று எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் நம் கண் அதன் வேகத்தைக் கணிக்கிறது. சின்ன உருவம் மெதுவாக வருவதுபோலத் தோன்றும். நான்கு வழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் வலப்பக்கம் திரும்ப நிற்கும் லாரி டிரைவர், "ஒன்றும் வரவில்லை, அப்புறம்தான் திருப்பினேன்" என்று சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்தும் கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஒரு வெளிச்சப் புள்ளி அந்த நொடியில் அவரைத் தயங்க வைக்கும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்தத் தயக்கம் எத்தனை வீடுகளுக்குத் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பகலில் விளக்கு என்பது குளிர்நாட்டு வழக்கம், நம் வெயிலுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்வீடனில் 1977 முதலே எல்லா வண்டிகளுக்கும் இது கட்டாயம் என்பது உண்மைதான். ஆனால் நம்மைப்போல வெயில் கொளுத்தும் மலேசியாவும் 1992இல் மோட்டார் சைக்கிள்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. கண்ணில் படாததால் நடக்கும் பைக் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்ததாக அங்கே செய்த ஆய்வு சொன்னது. சிங்கப்பூர் 1995இல் அதே வழிக்கு வந்தது.

பேட்டரி இறங்கிவிடும் என்ற பயம் வேண்டாம். எஞ்சின் ஓடும்போதுதான் லைட் எரிகிறது, ஓடும் எஞ்சினே பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றுகிறது. சாதாரண ஹாலோஜன் பல்பு கொஞ்சம் சீக்கிரம் ஃப்யூஸ் ஆகும், அதை மறுக்க முடியாது. போய்விட்டால் அன்றே மாற்றிவிடுங்கள். "நூறு இருநூறு கொடுங்க, ஒரு ஸ்விட்ச் போட்டுத் தரேன்" என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கம்பெனி அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பிரிவு 182ஏ-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இதில் மாட்டிக்கொள்வது உங்கள் மெக்கானிக் அல்ல, வண்டியின் சொந்தக்காரர்.

2017 விதி கார்களுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களுக்குப் பகல்விளக்கு கட்டாயம். டி.ஆர்.எல். என்கிற அந்த வெள்ளைக் கீற்று இங்கேயும் நிறைய கார்களில் வந்துவிட்டது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பல கார்களில் டி.ஆர்.எல். எரியும்போது பின்விளக்கு எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டேஷ்போர்டும் மின்னுகிறது, ஹெட்லைட் போட்டாயிற்று என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்வார். பின்னால் வருகிறவருக்கோ கார் வெறும் இருட்டு. கனடாவில் இந்தக் குழப்பத்துக்காகவே விதியைத் திருத்தி, 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு நடைமுறைப்படுத்தினார்கள். நம் மோட்டார் வாகன விதிகளும் இரவில் மட்டுமல்ல, வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அதனால் மழை பிடித்து வைப்பரைப் போடும்போதே ஹெட்லைட்டையும் போடுங்கள். கொடைக்கானல், ஊட்டி மலைப்பாதையில் பனிமூட்டம் இறங்கினாலும் அப்படியே. ஒருமுறை காரை நிறுத்தி, டி.ஆர்.எல். மட்டும் எரியும்போது பின்பக்கம் போய் என்ன எரிகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.