சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் எதிர்ப்பொருள்: பெயரும் பொருளும்

ஆய்வகக் குப்பிகளின் மேல் ‘ஆன்டி-சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ்’ என்று ஒட்டப்பட்டிருக்கும் பெயரைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் முதற்சொல்லிலேயே இடறுகின்றனர். ‘ஆன்டி’ என்பதை ‘எதிர்ப்பு’ எனக் கொண்டு ‘நொதி எதிர்ப்பான்’ என்று எழுதினால், நொதியின் வேலையைத் தடுக்கும் மருந்து என்று பொருள்பட்டுவிடும். குப்பியிலுள்ள எதிர்ப்பொருளோ பிறபொருளைத் தேடிப் பற்றும் ஒரு புரதம்; அது அந்நொதி எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதற்கே பயன்படுகிறது.

இந்த நொதி சிறுகுடற் செல்களின் நுண்ணுறிஞ்சிகளில் பதிந்திருப்பது. காப்பியில் கரைந்த சீனியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக வெட்டுவது இதன் சுக்ரேஸ் பாதி; மாவுச்சத்தின் கிளைப் பிணைப்புகளை வெட்டுவது ஐசோமால்டேஸ் பாதி. சுக்ரேஸ் என்பதன் முற்பகுதி பிரெஞ்சிலிருந்து இலத்தீன், அரபு, பாரசீகம் வழியே பின்னோக்கிச் சென்றால் ‘சர்க்கரா’ என்ற வடசொல்லில் போய் நிற்கும். பருக்கைக் கல் என்பது அதன் பழம்பொருள். நம் ‘சர்க்கரை’யும் அதன் வழியினதே. ‘ஏஸ்’ என்னும் ஈறு, 1833 இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பாயென், பெர்சோ இருவரும் ‘பிரித்தல்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கிய ‘டயஸ்டேஸ்’ என்ற நொதிப் பெயரின் வால். ‘நொதி’ என்பதும் ‘என்சைம்’ என்பதும் புளித்துப் பொங்கும் மாவையே நினைவூட்டுவன என்பது இனிய ஒற்றுமை.

‘ஆன்டிபாடி’யின் ஜெர்மன் மூலத்தை 1891 இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் கையாண்டார். தமிழகப் பாடநூல்களில் அது எதிர்ப்பொருள். இலங்கை வழக்கில் பிறபொருளெதிரி. மனித நொதியின் ஒரு துண்டை முயலுக்குச் செலுத்தும்போது, முயலுக்கு அது பிறபொருளாதலால் அதன் உடல் ஆக்கும் புரதத்துக்கு இலங்கைச் சொல் மிகப் பொருந்தும். ஆயினும் குப்பிக்குள் வந்தபின் அப்புரதத்தின் வேலை தேடிப் பற்றுவது மட்டுமே. ‘எதிர்ப்படுதல்’ என்பதில் உள்ளதுபோல் ‘எதிர்’ என்பதற்கு நேரே சந்தித்தல் என்ற பொருளும் உண்டாதலால், எதிர்ப்பொருள் என்பதே எனக்கு உவப்பானது.

மனிதப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட கேக்கோ-2 செல்களை இரண்டு, மூன்று வாரம் வளர்த்தால், அவை சிறுகுடற் செல்களின் சாயலைப் பெற்று இந்நொதியை மிகுதியாக ஆக்கத் தொடங்கும். அவற்றின் புரதங்களை ஜெல் என்னும் கூழில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, இந்த எதிர்ப்பொருளில் ஊறவைத்தால், 200 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) மேலே இந்நொதியைக் காட்டும் ஒரு பட்டை தெரியும்.

‘சர்க்கரை நொதி எதிர்ப்பொருள்’ என்று சுருக்கலாகாது. லாக்டேஸும் மால்டேஸும்கூடச் சர்க்கரைகளை வெட்டுவனவே, அன்றியும் ‘சர்க்கரை’ என்றால் நம்மிடையே நோயும் நினைவுக்கு வரும். ‘சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் நொதிக்கான எதிர்ப்பொருள்’ என்றே எழுதலாம். அதிலுள்ள ‘கான’ என்பது தடுப்பதென்ற மயக்கத்தை நீக்கிவிடும்.