காதால் அளக்கப்படும் தூரம்: மாணவர்களின் ஒலி ஆவணங்கள் செயல்படும் விதம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஏர்வின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தன் பராமரிப்பாளரைக் கொன்ற மேரி என்னும் சர்க்கஸ் யானையை, 1916 செப்டம்பரில், அவ்வூரின் ரயில்வே வளாகத்தில் பாரந்தூக்கியில் கட்டித் தூக்கிலிட்டார்கள். நூறாண்டுகள் கடந்தும் அந்தப் பழி ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே மாநிலத்தின் எலிசபெத்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இந்தக் கதையை ஒலி ஆவணமாக்கினார்கள். அமெரிக்கத் தேசியப் பொது வானொலி முதன்முறையாக நடத்திய மாணவர் பாட்காஸ்ட் போட்டியில், 2019இல், உயர்நிலைப் பள்ளிப் பிரிவின் பரிசு அதற்கே கிடைத்தது. மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு பெரியவர்களைத் தேடிப் போகும் வழக்கம் அங்கே புதிதன்று. ஜார்ஜியா மாநிலத்தின் ராபன் கேப் என்னும் மலையூரில் 1966 முதல் பள்ளி மாணவர்கள் முதியவர்களின் நினைவுகளையும் கைத்தொழில் அறிவையும் கேட்டுப் பதிந்து, தங்கள் இதழில் வெளியிட்டு வந்திருக்கிறார்கள்.

இத்தகைய ஆவணத்தில் படம் இல்லை. முகம், வீடு, தெரு எல்லாவற்றையும் கேட்பவர் ஒலியிலிருந்தே கட்டியெழுப்ப வேண்டும். அதற்கு அவருடைய காது முதலில் தேடுவது தூரத்தை: பேசுபவர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறாரா, எட்ட இருக்கிறாரா? சொல்லப்படும் கதை எவ்வளவு அந்தரங்கமானதாக இருந்தாலும், குரல் தொலைவிலிருந்து வந்தால் அந்த அந்தரங்கம் கேட்பவரை எட்டாது.

இதன் காரணம் எளிய இயற்பியல். திறந்த வெளியில், ஒலி மூலத்திலிருந்து நாம் நிற்கும் தூரம் இரு மடங்கானால், நம்மை வந்தடையும் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. அறைக்குள் நிலைமை வேறு. வாயிலிருந்து நேராக வரும் ஒலி இதே விதிப்படி குறைகிறது. ஆனால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கிறது. பேட்டி கொடுக்கும் ஒரு பாட்டியின் வாயிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருந்த கைபேசியை 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், தூரம் இரண்டு முறை இரட்டிப்பாகி நேரடிக் குரல் 12 டெசிபெல் குறைந்துவிடும்; சுவரின் எதிரொலி அப்படியே இருக்கும். பிறகு கணினியில் ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும் பதிவுகளில் பெரும்பாலானவற்றின் குறை இதுதான். விலை உயர்ந்த ஒலிவாங்கியை வாங்குவதைவிட, இருக்கும் கருவியை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவருவதே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அப்படியானால் பதிவு செய்யும்போதே மாணவருக்கு இது ஏன் தெரிவதில்லை? அவருடைய மூளை மிகத் திறமையான வடிகட்டி என்பதுதான் விடை. பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பின்தொடரும் மனிதத் திறனை 1953இல் ஆராய்ந்த காலின் செர்ரி, இரண்டு பேச்சுகளை இரு காதுகளுக்கும் தனித்தனியே கொடுத்தால் எளிதாகப் பிரித்தறிய முடிவதையும், இரண்டையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் மிகவும் திணற நேர்வதையும் காட்டினார். ஒற்றை ஒலிவாங்கி செய்வது அந்தக் கலவையைத்தான். அறையில் உட்கார்ந்திருந்தபோது கவனத்துக்கே வராத குளிர்பதனப் பெட்டியின் உறுமல், பதிவில் பாட்டியின் குரலோடு சரிசமமாகப் போட்டியிடுகிறது. ஒலிவாங்கி கேட்பதை அப்படியே கேட்கவைக்கும் ஹெட்ஃபோனைப் பதிவு முடியும்வரை கழற்றக் கூடாது என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

அந்த உறுமலைப் பின்னர் நீக்குவதும் எளிதன்று. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுற்றுகள் கொண்டது. அதனால் எழும் முனகல் பெரும்பாலும் அதன் இரு மடங்கான 120 ஹெர்ட்ஸிலும், அதாவது நொடிக்கு 120 அதிர்வுகளிலும், அதன் மடங்குகளிலும் கேட்கிறது. ஆண்களின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது என்பதால், ஒன்றை வெட்டப் போனால் மற்றதும் அடிபடும். பெட்டியைச் சற்று நேரம் நிறுத்திவைப்பதே வழி. மீண்டும் இயக்க மறந்துவிடாதபடி, கார்ச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடும் பழக்கம் ஒலிப்பதிவாளர்களிடம் உண்டு. சாவியில்லாமல் வீடு திரும்ப முடியாதல்லவா!

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், அசையாமல் ஒரு நிமிடம் அமர்ந்திருக்க, அந்த அறையின் அமைதியையும் பதிந்துகொள்வார்கள். ஒவ்வோர் அறையின் அமைதியும் தனித்தன்மை உடையது: காற்றின் நகர்வு, கடிகாரம், தொலைவிலுள்ள சாலை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. தொகுக்கும்போது ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், தரையில் பள்ளம் விழுந்ததுபோல் காது திடுக்கிடும். அந்த இடத்தில் அறையின் அமைதியை இட்டு நிரப்பினால் வெட்டு தெரியாது. வெட்டிய இரு துண்டுகளையும் சில மில்லி நொடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியவிடுவதும் அவசியம். அலை வடிவம் திடீரெனத் தாவினால் அது 'டிக்' என்ற சொடுக்காகக் கேட்கும்.

மௌனத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேட்டு முடித்து மற்றவர் பதிலளிக்கத் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே இருப்பதைக் கண்டது. அதற்குப் பழகிய நமக்கு இரண்டு நொடி மௌனம்கூடப் பாரமாகத் தெரிகிறது. இளம் பேட்டியாளர் பதறி அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். அவர் வாயைத் திறக்காமல் நான்கைந்து நொடி பொறுத்திருந்தால், சொல்லி முடித்துவிட்டதாகத் தோன்றிய முதியவர் பெரும்பாலும் தாமாகவே மீண்டும் தொடங்குவார். பேட்டிக்கு வந்ததே அதற்காகத்தான் என்று தோன்றும் சொற்கள் அப்போதுதான் வரும். தொகுக்கும்போது நேரத்தைச் சேமிக்க அந்த மௌனத்தைச் சுருக்கிவிடக் கூடாது. அதற்குள் கேட்கும் மூச்சையும், நாற்காலி முனகுவதையும், தொண்டையைச் செருமுவதையும் உள்ளபடியே விட்டுவிட வேண்டும்.